திருவோடும் டச் போனும்

எங்கள் ஊர் மகாலிங்க சுவாமி கோயிலின் கிழக்கு வாசலில் பட்டினத்தாரும் மேல வாசலில் பத்திரகிரியாரும் இருந்தார்கள் என்பது கர்ண பரம்பரைக் கதை. தன்னிடம் யாசித்தவனைப் பட்டினத்தார், மேல வாசலில் ஒரு குடும்பஸ்தன் இருக்கிறான், அவனிடம் கேள் என்று அனுப்பினாராம். ஒரு திருவோடும் ஒரு நாயும் வைத்திருந்ததற்கே அந்தப் பட்டம்!

துறவிக்கு அந்த அளவுகோல் சரி. படிக்கிற பிள்ளைக்கு?

நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பழைய மாணவர்களிடம் பணம் திரட்டி, கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்குக் கொடுக்கிறோம். மனுவோடு வந்த பெண்ணின் கையில் டச் போன். “இதுக்குக் காசு இருக்கே?” என்றார் எங்களில் ஒருவர். “நோட்ஸ் எல்லாம் இதுலதான் சார் வருது” என்றாள். அடுத்தவர் மார்க் கேட்டார்.

மார்க் பார்த்த கதை பக்கத்துக் கும்பகோணத்தில் இருக்கிறது. 1904இல் அரசுக் கல்லூரியில் சேர்ந்த ராமானுஜன், கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தவறியதால் உதவித்தொகையை இழந்தார். பிற்பாடு நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கினார். 1918இல் ராமானுஜன் ராயல் சொசைட்டி உறுப்பினர்.

மாகேசுர பூசையில் அடியாரைச் சிவமாகவே பாவித்து இலை போடுகிறோம், யோக்கியதை விசாரிப்பதில்லை. ஆனால் ஊரார் பணத்துக்குக் கணக்கு வேண்டும். ஆகவே கஷ்டம் உண்மையா என்று கேளுங்கள். அதற்கு ஒரு நாள் போதும். அருகதை உண்டா என்று கேட்காதீர்கள். கட்டணத்தின் கடைசித் தேதி காத்திருக்காது.