பார்டரில் நிற்பவன் தூங்கலாமா?

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நான்காய் மடித்துச் சட்டைப் பையில் செருகுகிறீர்கள். "பயப்பட ஒண்ணுமில்லை, சுகர் பார்டர்லதான் இருக்கு" என்று வீட்டுக்குப் போன் செய்கிறீர்கள். அந்த நிம்மதியில் எதிர்க்கடையில் இரண்டு பஜ்ஜி, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ!

பார்டர் என்றால் என்ன? எதிரி வந்து நிற்கிற இடம். அங்கே காவல் நிற்பவன் கண்ணயரலாமா?

வெறும் வயிற்றில் 100-ஐத் தாண்டி, 126-ஐத் தொடாமல் நிற்கிறதா உங்கள் சர்க்கரை? அப்படியானால் நீங்கள் இன்னும் தோற்கவில்லை. உங்களிடம் ஒரு படை இருக்கிறது. அதை நாற்காலியில் மடக்கி உட்கார வைத்திருக்கிறீர்கள். ஆம், உங்கள் கால்கள்தான்!

உடலின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் இருக்கின்றன. அவை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் கையை எதிர்பாராமலே ரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளே இழுத்து எரிக்கின்றன. நடந்து முடித்த பிறகும் பல மணி நேரம் அந்த வேகம் தணிவதில்லை.

வெறும் பேச்சா இது? அமெரிக்காவில் உங்களைப் போலவே பார்டரில் நின்ற 3,234 பேரை வைத்து நடந்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை, சர்க்கரை நோய் வருவதை 31 சதவீதம் குறைத்தது. வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் எடைக் குறைப்பும் 58 சதவீதம் குறைத்தன!

"அவங்க உடம்பு வேற, நம்ம உடம்பு வேற" என்கிறீர்களா? சரி, சென்னைக்கே வாருங்கள். டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. நடையும் உணவு ஒழுங்கும் 28.5 சதவீதம் குறைத்தன, மாத்திரை 26.4 சதவீதம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. நம் மண்ணில், நம் சோறு தின்ற உடம்பில், மாத்திரைக்குச் சமமாக நின்றன நடையும் உணவு ஒழுங்கும்!

ஒன்றை மறக்காதீர்கள். மாத்திரை எதிரியல்ல. ஏற்கெனவே மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள், நாலு நாள் நடந்துவிட்டு அதைத் தூக்கி எறிவது வீரம் அல்ல, விபரீதம். குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்ல வேண்டியவை. அவரை அப்படிச் சொல்ல வைப்பதே உங்கள் சவால்!

நேரமில்லையா? வாரத்துக்கு 10,080 நிமிடங்கள். கேட்பது 150 மட்டுமே. மழையா? வீட்டுக் கூடத்தில் நடங்கள். தெருவில் நாயா? மொட்டை மாடிக்கு ஏறுங்கள். மூட்டு வலியா? டாக்டரைக் கேட்டு, பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். இரண்டு நாளுக்கு மேல் சேர்ந்தாற்போல் விட்டுவிடாதீர்கள்.

திங்கட்கிழமைக்கும் தை மாதப் பிறப்புக்கும் காத்திருக்காதீர்கள். இன்றிரவு சாப்பிட்டுக் கை கழுவியதும் டிவி ரிமோட்டைத் தேடாதீர்கள், செருப்பைத் தேடுங்கள். தெருமுனை வரை போய்த் திரும்புங்கள். நாளை அதற்கடுத்த தெரு.

எல்லை உங்களுடையது. காவலும் உங்களுடையது. எழுந்து நடங்கள்!