இடம் கேட்கும் முன் அமைப்பை அறிதல்

பிரிட்டனில் மருத்துவம் படிக்க விண்ணப்பிக்கும் மாணவர் நேர்காணலுக்குப் போகும் முன் பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றைத் தானே படித்துக்கொண்டு போகிறார். 1948 ஜூலை 5-இல் தொடங்கிய அந்நாட்டின் தேசிய சுகாதார சேவை எப்படி நடக்கிறது, பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே திணறுகிறது என்று அங்கே கேட்பார்கள். தமிழ்நாட்டில் அப்படிக் கேட்பார் இல்லை. நீட் தேர்வில் 180 கேள்விகள், 720 மதிப்பெண்கள். எல்லாம் இயற்பியல், வேதியியல், உயிரியல். கலந்தாய்வில் மாணவர் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதோடு சரி. இளையாத்தங்குடியிலிருந்து ஒரு பிள்ளை சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாலும், பக்கத்து வீட்டுப் பெரியவருக்குச் சர்க்கரை மாத்திரை எந்த வழியாக வந்து சேர்கிறது என்று தெரியாமலே சேர்ந்துவிட முடியும். மக்கள் பணத்தில் மருத்துவராகப் போகிறவருக்கு, அந்த மக்கள் நம்பியிருக்கும் அமைப்பை முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் கடமை உண்டா என்பதே இங்கு எழும் அறக்கேள்வி. கடமை நிச்சயமாக உண்டு. அதை நேர்காணல் வைத்து அளக்கப் பார்ப்பதுதான் தவறு.

தெரிந்துகொள்ள அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்று இருக்கும் இளையாத்தங்குடியையே எடுத்துக்கொள்வோம். செட்டிநாட்டு ஊர்களில் பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, பெரிய வீடுகளில் வயதானவர்கள் தனியாக இருப்பது வழக்கமான காட்சி. அங்கே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வருடக்கணக்கில் கூடவே வரும் நோய்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அந்த மாத்திரைக்குப் பின்னால் 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. மருந்தை மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் அது இருப்பு வைக்கிறது. ஒவ்வொரு அரசு மருத்துவமனையும் தனக்கு ஒதுக்கிய தொகைக்குள், பாஸ்புக்கில் பதிந்து மருந்தை எடுத்துக்கொள்கிறது. அதே ஊரில் ஒரு பெண் கர்ப்பமானால் முதலில் போய்ச் சேருவது கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டுக்கு. அங்கே கர்ப்பத்தைப் பதிந்து பெறும் பிக்மி எண்தான் பிறகு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும், குழந்தையின் பிறப்புப் பதிவுக்கும் கேட்கப்படும். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது நாட்டின் அளவுகோல். அதற்கு மேலே திருப்பத்தூர், காரைக்குடி, சிவகங்கை, கடைசியில் மதுரை ராஜாஜி மருத்துவமனை. எந்தப் படியில் எது கிடைக்கும் என்பதைத் தெரிந்து வைத்திருப்பது மருத்துவ அறிவின் ஒரு பகுதியே.

தெரியாத மருத்துவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. நல்ல மனத்தோடே அவர் தீங்கு செய்துவிட முடியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரையை வெளிக்கடைக்கு எழுதிக் கொடுக்கிறார். கூலி வேலை செய்பவர் இரண்டு மாதம் வாங்கிவிட்டு மூன்றாம் மாதம் நிறுத்திவிடுகிறார். காரைக்குடியிலேயே பார்க்கக்கூடிய நோயாளியை மதுரைக்கு அனுப்பி, ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் செலவழிக்க வைக்கிறார். உடனே மதுரைக்குப் போக வேண்டியவரையோ கீழ்ப்படியில் காக்க வைக்கிறார். இந்தத் தவறுகளுக்கு உடற்கூறியல் அறிவு மருந்தாகாது. இன்னொன்றும் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மாணவர் ஊசி போடவும், தையல் போடவும், பிரசவம் பார்க்கவும் பழகுவது வார்டில் படுத்திருக்கும் ஏழை மக்களின் உடம்பில்தான். அவர்கள் தருவது கட்டணத்தைவிடப் பெரிய கொடை. யாரிடம் கற்றுக்கொள்ளப் போகிறோம், அவர்கள் எந்த வாசல் வழியாக இங்கே வந்தார்கள் என்பதை அறியாமல் அந்தக் கொடையை வாங்கிக்கொள்வது நியாயமாகாது. நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்து 1946-இல் அறிக்கை தந்த போர் (Bhore) குழுவும், மருத்துவர் சமூகத்தின் மருத்துவராகவும் இருக்க வேண்டும் என்று கருதி, தடுப்பு மருத்துவத்தையும் சமூக மருத்துவத்தையும் படிப்புக்குள் கொண்டுவரச் சொன்னது.

அப்படியானால் பிரிட்டனைப் போல நேர்காணல் வைத்துவிடலாமே என்று தோன்றும். தமிழ்நாடு அதைச் செய்து பார்த்த மாநிலம். 1970-71 மருத்துவச் சேர்க்கையில் 275 மதிப்பெண்ணில் 75 நேர்காணலுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தச் சேர்க்கையை எதிர்த்த பெரியகருப்பன் வழக்கில் அந்த அளவே மிகை என்று உச்ச நீதிமன்றம் கருதியது. ஒரு மாணவருக்குச் சராசரியாக மூன்று நிமிடம்கூடத் தேறாத நேர்காணலில் திறமையை அளக்க முடியாது என்றும் சொன்னது. 1980-இல் ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி தொடர்பான அஜய் ஹாசியா வழக்கில், நேர்காணல் மதிப்பெண் மொத்தத்தில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தது. அங்கே பெற்றோரையும் ஊரையும் பற்றிய கேள்விகளே கேட்கப்பட்டதாக மாணவர்கள் முறையிட்டிருந்தார்கள். மூன்று நிமிடத்தில் வெளிப்படுவது பெரும்பாலும் பேச்சுப் பழக்கமும் குடும்பப் பின்னணியும்தான். சுகாதார அமைப்பைப் பற்றிக் கேட்டாலும் இதுவே நடக்கும். மருத்துவர் வீட்டுப் பிள்ளை சரளமாகச் சொல்லும். பயிற்சி மையங்கள் ஒரு வாரத்தில் விடைகளை மனப்பாடம் செய்ய வைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்து வரிசையில் அம்மாவோடு நின்று வளர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளை, அனுபவத்தில் அத்தனையும் தெரிந்திருந்தும், குழுவின் முன்னால் வாய் திறக்கத் தயங்கும். அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டின் பயனையே அந்த நேர்காணல் அறை கெடுத்துவிடும்.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியை எதிர்வாதமாகச் சொல்வார்கள். அது வலுவான எதிர்வாதம். நீட் வருவதற்கு முன் அங்கே நாள்கணக்கில் நடந்த நேர்காணல், பின்தங்கிய பகுதிகளின் மிஷன் மருத்துவமனைகளுக்குப் போகக்கூடியவர்களைத் தேடியது. அந்த முறையை விட மனமில்லாமல் 2017-இல் அந்தக் கல்லூரி எம்.பி.பி.எஸ். படிப்புக்கு ஒரே ஒரு மாணவரை மட்டும் சேர்த்தது. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நீட் எல்லோருக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. தன் நோக்கம் தெளிவாகத் தெரிந்த ஒரு சிறு நிறுவனம், நேரம் செலவழித்து, பின்னால் பணி ஒப்பந்தமும் வைத்துச் செய்ததை ஆயிரக்கணக்கான இடங்களுக்கு அரசு செய்ய முயன்றால் மறுபடி அந்த மூன்று நிமிடத்தில்தான் போய் நிற்கும்.

சமூக மருத்துவம் படிப்பிலேயே இருக்கிறதே, பதினேழு வயதுப் பிள்ளை மேல் ஏன் இதையும் சுமத்த வேண்டும் என்பது மற்றொரு மறுப்பு. 2019 பாடத்திட்டத்தில் அறிமுக வகுப்புகள் வந்தன; கிராமக் குடும்பங்களை மாணவர் தத்தெடுத்துத் தொடரும் திட்டமும் பின்பு வந்தது. இரண்டும் நல்லவை. ஆனால் அவை சேர்ந்த பிறகு வருபவை. எந்த வாழ்க்கையை ஏற்கப் போகிறோம் என்று தெரியாமல் ஏற்றுக்கொண்டவருக்கு, அதன்பின் வரும் கிராமப் பணி ஒரு தண்டனைபோலப் படுகிறது. அறிந்து தேர்ந்தெடுப்பது மாணவரின் உரிமையும்கூட. பார்த்த பிறகு 'இது எனக்கு வேண்டாம்' என்று ஒருவர் விலகினால் அவருக்கும் நல்லது, நோயாளிக்கும் நல்லது. அறிவு இரக்கத்தைத் தந்துவிடாது என்பதும் உண்மைதான். ஆனால் இரக்கம் உள்ளவருக்கு எங்கே கை கொடுப்பது என்று காட்டுவது அறிவுதான்.

மே மாதம் தேர்வு எழுதிய பிறகு வகுப்பு தொடங்க வாரக்கணக்கில் இடைவெளி இருக்கிறது. அந்த நாட்களில் கலந்தாய்வுக்கு வரும் ஒவ்வொரு மாணவரும் தன் ஊருக்கு அருகில் உள்ள துணை சுகாதார நிலையத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சில நாள் இருந்து பார்க்க மருத்துவக் கல்வி இயக்ககம் ஏற்பாடு செய்யலாம். மதிப்பெண் வேண்டாம், கேள்வி வேண்டாம், சான்றிதழ் போட்டி வேண்டாம். தடுப்பூசி நாளில் செவிலியர் கூடவே நிற்கட்டும். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்ளே இருந்து வெளியே பார்க்கட்டும். அரசு செய்யும் வரை பெற்றோர் காத்திருக்க வேண்டியதில்லை. பயிற்சி மையத்துக்கு லட்சக்கணக்கில் கட்டி, காலை மாலை கொண்டுபோய் விட்டவர்கள், செவிலியரிடம் அனுமதி கேட்டு, பிள்ளையை இந்த இடத்துக்கும் ஒரு முறை அழைத்துப் போகட்டும்.