அன்பும் நெருக்கடியும்: மார்ட்டின் லூதர் கிங்கின் அகிம்சை

அகிம்சைப் போராட்டம் எதிராளியின் மனத்தை மாற்றுகிறதா, அல்லது வேறு வழியில்லாமல் அவரைப் பணியவைக்கிறதா? மார்ட்டின் லூதர் கிங்கை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்த கேள்வி இது. பாப்டிஸ்ட் போதகரான அவருக்கு, பகைவரை நேசிக்கச் சொன்ன இயேசுவின் கட்டளையோடு பிணைந்த கேள்வியும்கூட.

கிங் 1929 ஜனவரி 15 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டாவில் பிறந்தார். தந்தையும் தாய்வழித் தாத்தாவும் அங்குள்ள எபனேசர் பாப்டிஸ்ட் திருச்சபையின் போதகர்கள். இயேசுவின் அன்புநெறி தனிமனிதர்களுக்கு இடையிலான பூசலுக்குப் பொருந்தும், இனங்களுக்கு இடையிலான மோதலுக்குப் பொருந்தாது என்றே இறையியல் மாணவராக இருந்தபோது அவர் எண்ணினார். காந்தியைப் படித்தபின் அந்த எண்ணம் மாறியது. ஆனால் அதே காலத்தில் படித்த இறையியலாளர் ரெய்ன்ஹோல்ட் நீபர் வேறொரு பாடம் சொன்னார்: ஆதிக்கக் குழுக்கள் அறவுரை கேட்டுச் சலுகைகளை விட்டுத்தருவதில்லை, ஒத்துழையாமையும் ஒருவகை வற்புறுத்தலே.

இரு பாடங்களும் அலபாமாவின் மாண்ட்கோமரியில் சோதனைக்கு வந்தன. அந்நகரப் பேருந்துகளின் முன்வரிசைகள் வெள்ளையருக்கு உரியவை. கறுப்பினத்தவர் முன்கதவில் கட்டணம் செலுத்திவிட்டு, இறங்கிப்போய்ப் பின்கதவில் ஏறவேண்டிய நிலையும் இருந்தது. 1955 டிசம்பர் 1 அன்று இருக்கையை விட்டுத்தர மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைதானதும் கிங் தலைமையில் கறுப்பினத்தவரின் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது. 381 நாள் நீடித்தது. 1956 ஜனவரி 30 அன்று கிங்கின் வீட்டில் குண்டு வெடித்தது. மனைவியும் கைக்குழந்தையும் உயிர் தப்பினர். ஆயுதங்களோடு திரண்ட மக்களைக் கிங் வீட்டு முகப்பில் நின்று அமைதிப்படுத்தி, திரும்பிப் போகச் சொன்னார். அப்போது அவர் வீட்டிலும் துப்பாக்கி இருந்தது. பின்னர் அதை வைத்துக்கொள்வதில்லை என்று முடிவெடுத்தார். அகிம்சை அவரிடம் படிப்படியாகவே வேரூன்றியது.

பேருந்து நிறுவனம் பெரும் வருவாயை இழந்தும் நகர நிர்வாகம் இறங்கிவரவில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்புதான் இருக்கைப் பாகுபாட்டை ஒழித்தது. மீண்டும் பேருந்து ஏறுமுன் தேவாலயங்களில் ஒத்திகை நடந்தது. நாற்காலிகளைப் பேருந்து போல வரிசையாகப் போட்டார்கள். சிலர் வெள்ளையராக நடித்து வைதார்கள், தள்ளினார்கள். மற்றவர்கள் திருப்பித் தாக்காமல் இருக்கப் பழகினார்கள். அன்பைப் பயிற்சியால் கைவரும் ஒழுக்கமாகவே கிங் கண்டார். அது எதிராளியை விரும்புவதோ அவரோடு உறவாடுவதோ அல்ல, அவருக்கும் நலம் நாடுவது. போராட்டம் அநீதியான அமைப்போடுதான், அதில் சிக்கிய மனிதரோடு அல்ல என்பது இதன் தொடர்ச்சி.

1963 ஏப்ரலில் அதே மாநிலத்தின் பர்மிங்காமில், இனப் பாகுபாட்டை எதிர்த்து, ஈஸ்டர் வியாபாரம் சூடுபிடிக்கும் வேளையில் கடைப் புறக்கணிப்பு திட்டமிடப்பட்டது. அவசரம் வேண்டாம் என்று எட்டு வெள்ளை மதகுருமார் அறிக்கை விட்டனர். போராட்டத்தில் கைதாகிச் சிறையிலிருந்து கிங் எழுதிய பதில், கிறிஸ்தவ இறையியலாளர்களான அகஸ்டினையும் அக்வினாசையும் துணைக்கழைத்து, அநீதியான சட்டம் சட்டமே ஆகாது என்று வாதிட்டது. அதை மீறுபவர் வெளிப்படையாக மீறி, தண்டனையை மனமுவந்து ஏற்கவேண்டும் என்றும் விதித்தது. பேச்சுக்கு மறுப்பவரைப் பேச வைக்கும் நெருக்கடியை உண்டாக்குவதே நேரடிப் போராட்டத்தின் நோக்கம் என்று அவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார்.

மே மாதம் சிறுவர்களும் ஊர்வலம் போனார்கள். காவல்துறை நாய்களையும் தண்ணீர்ப் பீரங்கிகளையும் ஏவியது. பிள்ளைகளை முன்னிறுத்தியதைக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் கண்டித்தார். அந்தச் செப்டம்பரில் அந்நகரத் தேவாலயம் ஒன்றில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் மாண்டனர். குற்றமற்றவர் சிந்தும் இரத்தத்துக்கு மீட்கும் வல்லமை உண்டு என்று இறுதிச்சடங்கில் கிங் பேசினார். சிலுவையில் வேரூன்றிய இந்த நம்பிக்கைதான் அவரது நிலைப்பாட்டில் மிகக் கடினமான பகுதி. தன் துன்பத்தை ஒருவர் தேர்ந்தெடுக்கலாம். பிறர் துன்பத்துக்குப் பொருள் சொல்ல அவருக்கு என்ன உரிமை என்ற கேள்வி அங்கே எஞ்சுகிறது.

முதல் கேள்விக்கு அவரிடம் தெளிவான விடை இருந்தது. சட்டம் இதயத்தை மாற்றாது, ஆனால் இதயமற்றவரின் கையைக் கட்டும் என்றார். அன்பில்லாத அதிகாரம் கொடுமையாகும், அதிகாரமில்லாத அன்பு வலுவற்றுப் போகும் என்பது 1967இல் அவர் வந்தடைந்த முடிவு. மறு ஆண்டு ஏப்ரல் 4 அன்று, துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணைநிற்க மெம்பிஸ் சென்ற இடத்தில், 39 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1964இன் குடிமை உரிமைகள் சட்டமும் 1965இன் வாக்குரிமைச் சட்டமும் அதற்குள் நடைமுறைக்கு வந்திருந்தன. எதிராளி மனம் மாறும்வரை நீதி காத்திருக்க வேண்டியதில்லை. அவர் மனம் மாறவே மாட்டார் என்று கைவிடவும் கூடாது. கிங்கின் அகிம்சை சொல்வது இவ்வளவே.