யார் வாசிக்கப் போகிறார்கள்?

கொள்ளுப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் எனது பழைய மாணவி ஒருவர் வசிக்கிறார். பத்தாம் வகுப்பில் என்னிடம் தமிழ் படித்தவர். இன்று பல்கலைக்கழகமொன்றில் பின்காலனித்துவ இலக்கியம் கற்பிக்கிறார். மாணவர்களின் ஆய்வுகளுக்கு வழிகாட்டுகிறார். சென்ற பாடசாலை விடுமுறையில் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். தேநீர் தந்துவிட்டு, அலுமாரியிலிருந்து கறுப்பு மட்டை கட்டிய ஆய்வேடு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

“சேர், இது 2012 இல நான் எழுதினது. மாதிரிக்கு ஒன்டு தாங்க என்டு என்ட பிள்ளைகள் கேக்குதுகள். குடுக்க மனசு வருகுதில்ல.”

காரணம் எனக்குத் தெரியும். அதில் எனக்கும் பங்குண்டு.

அந்த ஆய்வு கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்களின் கவிகளைப் பற்றியது. கவி கட்டத் தெரிந்த மூதாட்டி ஒருவரிடம் அவரை அழைத்துப் போனவன் நான்தான். எனக்கு மாமி முறை. மூன்று நாட்கள் ஒலிப்பதிவு நடந்தது. கடைசி நாளில் ஒரு கவியைச் சொல்வதற்கு முன் மாமி வாசற்பக்கம் பார்த்தார். சொல்லி முடித்ததும், “இது மௌத்தான என்ட மதினிக்கு நடந்தத வெச்சிக் கட்டின. இத எழுதிப்போடாத கிளி” என்றார். பிறகு, “மத்ததையெல்லாம் எழுதி முடிச்சா எனக்கு ஒருக்கா வாசிச்சிக் காட்டுவியா?” என்றும் கேட்டார். இரண்டுக்கும் நாங்கள் தலையாட்டினோம்.

திரும்பி வரும்போது மாணவி தடுமாறினார். அந்தக் கவிதான் அவரது வாதத்துக்கு அச்சாணி. அடக்கி வைக்கப்பட்ட ஒரு பெண்ணின் குரல் வேறெந்தக் கவியிலும் அவ்வளவு தெளிவாக இல்லை. “போடலாமா சேர்?” என்று கேட்டார். “பெயரைப் போடாமல் போடு. ஆங்கிலத்தில்தானே எழுதுகிறாய், ஊரில் யார் வாசிக்கப் போகிறார்கள்?” என்றேன்.

அந்த ஒரு வசனத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மாணவியின் வீட்டிலிருந்து சற்றுத் தூரம் நடந்தால் குமாரதுங்க முனிதாச மாவத்தை வரும். முன்னாளில் அது தேர்ஸ்டன் வீதி. 1921 இல் பல்கலைக்கழகக் கல்லூரி அங்கேதான் தொடங்கியது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை அதன் மாணவர்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளையே எழுதினார்கள். இங்கே இருந்து படித்து, அங்கே இருப்பவர் திருப்திப்படும்படி விடை எழுத வேண்டும். அந்த ஏற்பாடு முடிந்து எண்பது வருடங்கள் கடந்துவிட்டன. ஆனால், எழுதுகிறவரின் மனதில் குந்தியிருக்கும் வாசகர் இடம் மாறிவிட்டாரா? எனது வசனத்தில் மாமி வெறும் தரவு, வாசகர் அல்ல. அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பதை அவருக்கு எதிராகவே நான் பயன்படுத்தினேன்.

பின்காலனித்துவக் கல்வி தட்டிக் கேட்க முற்பட்டது இத்தகைய மனப்பாங்கைத்தான். 1968 இல் நைரோபிப் பல்கலைக்கழகத்தில் கூகி வா தியாங்கோவும் அவருடைய சகாக்கள் இருவரும் ஆங்கிலத் துறையை ஒழித்துவிட வேண்டும் என்று எழுதினார்கள். ஆபிரிக்காவை நடுவில் வைத்து இலக்கியத்தைக் கற்பிக்க வேண்டும், வாய்மொழி இலக்கியத்துக்கும் உரிய இடம் வேண்டும் என்பது அவர்களின் வாதம். 1977 இல் கூகி, கமிரீத்து என்ற கிராமத்தில் கிக்கூயு மொழியில் ஒரு நாடகத்தை மேடையேற்றினார். நடித்தவர்கள் அக்கிராமத்துத் தொழிலாளரும் விவசாயிகளும். அவர்கள் பேராசிரியரின் பிரதியில் இருந்த மொழிப் பிழைகளையும் திருத்தினார்கள். அரசு நாடகத்தைத் தடை செய்து, அவ்வருட இறுதியில் கூகியைச் சிறையிலடைத்தது. ஊருக்கு விளங்கும் மொழியில் இருந்ததாலேயே ஆட்சியாளருக்கு அது ஆபத்தாகத் தோன்றியது. 2025 மே மாதத்தில் அவர் மறைந்தபோது பலரும் பலவற்றை எழுதினார்கள். எனக்கு நினைவு வந்தது, பிரதியைத் திருத்திய அந்தக் கிராமத்தவர்கள்தான். எமது மாமிக்கு அந்த வாய்ப்பை நாங்கள் கொடுக்கவில்லை.

ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற கிராமத்து வாத்தியார் நான். காயத்ரி ஸ்பிவக்கின் பெயரை இந்த மாணவியின் வாயால்தான் முதலில் கேட்டேன். ஒடுக்கப்பட்டவர் பேச முடியுமா என்று 1988 இல் வெளிவந்த கட்டுரையில் அவர் கேட்டார். மாணவியின் ஆய்வேட்டில் அந்தக் கேள்வி முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. மாமி பேசினார், எழுதாதே என்றார். அதைக் கேட்டுக்கொண்டே நாங்கள் எழுதினோம். பேச முடியுமா என்பதைவிட, பேசியதைக் கேட்டு நடக்க நாம் ஆயத்தமா என்பதே எனக்குப் பெரிய கேள்வியாகத் தெரிகிறது.

ஆங்கிலத்தில் எழுதுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. மர்ஹூம் ம.மு. உவைஸ் அவர்கள் தமிழிலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பங்களிப்பைப் பற்றிய தமது நூலை 1953 இல் ஆங்கிலத்தில்தான் வெளியிட்டார்கள். நமது காப்பியங்களையும் கிஸ்ஸாக்களையும் வெளியுலகு அறிய அது தேவையாக இருந்தது. ஆனால் அவர்கள் அதோடு நின்றுவிடவில்லை. பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, பீ.மு. அஜ்மல்கானுடன் சேர்ந்து இஸ்லாமியத் தமிழிலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாகத் தமிழில் தந்தார்கள். எடுத்த இடத்துக்கே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் ஆய்வு நடக்குமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதிகாரத்தில் இருப்பவர் மறைப்பதை வெளிக்கொணர அவரிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை. ஆனால் மாமி அதிகாரத்தில் இருந்தவர் அல்ல. நம்பிப் பேசியவர். ஒருவர் ஒன்றைச் சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தால் அந்தப் பேச்சு அமானிதம் என்பது ஹதீஸின் கருத்து. மாமி வாசற்பக்கம் பார்த்தது எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. கோட்பாட்டுப் புத்தகம் எதையும் படிக்காத எனக்கு அன்று இது ஒன்றாவது தெரிந்திருக்க வேண்டும்.

மாணவி இப்போது தம்மிடம் ஆய்வுக்கு வருகிறவர்களிடம் இரண்டு நிபந்தனைகளை வைக்கிறார். தகவல் தந்தவர் ‘வேண்டாம்’ என்றதை எழுதக் கூடாது. எழுதியதை அவருக்கு விளங்கும் மொழியில் அவர் முன்னால் வாசித்துக் காட்டியபிறகே கையளிக்க வேண்டும். “புள்ளி குறையும் என்டு சில பிள்ளைகள் பயப்படுதுகள் சேர். குறைஞ்சாலும் பரவாயில்ல என்டு சொல்றன்” என்றார்.

மாமி 2014 இல் மௌத்தாகிவிட்டார். ஒரு பக்கம்கூட அவருக்கு வாசித்துக் காட்டப்படவில்லை. வருகிற விடுமுறையில் அவருடைய மகளிடம் போய், அந்த ஒரு கவியைத் தவிர மற்றவற்றை வாசித்துக் காட்டுவதாக இருக்கிறோம். அந்தக் கவியும் ஆய்வேட்டில் இருக்கிறது என்ற உண்மையைச் சொல்வதா, விடுவதா? சொன்னால் இரகசியம் இரண்டாம் முறையும் உடைகிறது. சொல்லாவிட்டால் எங்கள் தவறு மறைகிறது. இதற்கு இன்னும் விடை காணவில்லை.

இந்தச் சஞ்சிகை எங்களூர் வாசிகசாலைக்கு வரும். ஆகவே உறவு முறைகளையும் சில விபரங்களையும் மாற்றியிருக்கிறேன். கவி எதைப் பற்றியது என்றும் எழுதவில்லை. எழுதும்போது ஒவ்வொரு வரியிலும், இதை மாமியின் பிள்ளைகள் வாசித்தால் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்க வேண்டியிருந்தது. 2012 இலும் அப்படித்தான் யோசித்திருக்க வேண்டும்.