கால்வினுஸும் அல்குயினுஸும்

பண்டைய உரோமக் குடிமகனின் பெயர் வழக்கமாக மூன்று உறுப்புகளைக் கொண்டது: தனிப்பெயர், குலப்பெயர், குலத்தின் கிளையைச் சுட்டும் பின்பெயர். 16ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய அறிஞர்கள் தம் தாய்மொழிப் பெயர்களுக்கு இந்த உரோமச் சாயலை ஏற்றிக்கொண்டது பெரும்பாலும் புலமைச் செருக்கு என்ற அளவில் நின்றது. சமயப் பூசல் முற்றிய இடங்களில் மட்டும் அது மெய், பொய் பற்றிய அறக்கேள்வியாயிற்று.

பிரான்சின் நுவாயோனில் 1509இல் பிறந்த ழான் கோவேன், அதாவது சீர்திருத்தத் திருச்சபையின் முன்னோடி கால்வின், இலத்தீனில் கால்வினுஸ் ஆனார். தொமீத்தியுஸ் குலத்தின் ஒரு கிளையினர் சூடிய பின்பெயர் அது. அவருடைய ‘கிறிஸ்தவ சமய நெறி’ இரண்டாம் பதிப்பாக 1539இல் ஸ்திராஸ்பூர்க்கில் அச்சானபோது, பிரான்சில் தடையின்றிப் பரவும்பொருட்டுச் சில படிகளின் முகப்பில் மட்டும் ஆசிரியர் பெயர் அல்குயினுஸ் என்று பொறிக்கப்பட்டது. இலத்தீன் எழுத்தில் இப்பெயர் எட்டு எழுத்துகள் கொண்டது. ‘யு’வும் ‘வி’யும் அன்று ஓரெழுத்தாகவே கொள்ளப்பட்டதால், முதலெழுத்தைப் பெயர்த்து மூன்றாம் இடத்தில் வைத்ததும் புதுப்பெயர் பிறந்துவிட்டது. அல்குயின் என்பவரோ சார்லமேன் அரசவையை அணிசெய்த, கத்தோலிக்கர் ஐயுறாத பழைய ஆசிரியர். அவரும் ஹோரஸின் பின்பெயரான ஃபிளாக்குஸைப் புனைபெயராகக் கொண்டிருந்தவர்தாம்.

ஓர் எழுத்தும் கூடாமல் குறையாமல் அமைந்த பெயர் பொய்யாகுமா? உண்மையை மறைப்பவர் அனைவரும் பொய்யர் அல்லர் என்று ஒப்புக்கொண்ட புனித அகுஸ்தீன், ஏமாற்றும் எண்ணத்தையே பொய்யின் அடையாளமாகக் கொண்டார். அந்த அளவுகோலின்படி எழுத்துகளின் நேர்மை கால்வினுக்குத் துணைநிற்காது. முகப்பைப் பார்க்கும் தணிக்கையாளர் வேறொருவரை எண்ணவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

சீர்திருத்தக் கொள்கையை உள்ளத்தில் ஏற்றும் வெளியே திருப்பலியில் மண்டியிட்டவர்களை, இயேசுவிடம் இரவில் வந்த நிக்கொதேமுவின் பெயரால் ‘நிக்கொதேமியர்’ என்று சுட்டி, கால்வின் 1544இல் கடுமையாகக் கண்டித்ததை நோக்கினால் முரண் பெரிதாகத் தோன்றும். ஆனால் அவர் குற்றமாகக் கண்டது பொய்யென்று அறிந்த வழிபாட்டில் கலந்துகொண்டதை. முகப்புப் பெயரை மாற்றியதில் அத்தகைய வழிபாடு எதுவும் இல்லை, நூலின் உள்ளே கொள்கையும் மறைக்கப்படவில்லை, நூலை வைத்திருப்பவருக்கு நேரக்கூடிய ஆபத்தும் குறைந்தது. எழுத்து மாறவில்லை என்னும் வாதத்தைவிட இதுவே வலுவானது. கால்வின் தம் கடிதங்களில் கையாண்ட ‘சார்ல் தெஸ்பெவில்’ என்ற பெயர் கால்வினுஸின் எழுத்துகளால் ஆனதன்று என்பதால், அதற்கும் இந்த வாதம் ஒன்றே பொருந்தும்.