நிற்பவர்க்கும் ஓர் ஆசனம்

எம்பெருமான் திவ்யதேசங்களில் நின்றும், இருந்தும், கிடந்தும் ஸேவை ஸாதிக்கிறான் என்பது ஆஸ்திக அன்பர்கள் யாவரும் அறிந்ததே. திருமலையில் நின்ற திருக்கோலம். திருவரங்கத்தில் கிடந்த திருக்கோலம். மதுரைக் கூடலழகர் ஸந்நிதியிலோ ஒரே விமானத்தின் மூன்று நிலைகளில் மூன்று கோலங்களையும் ஸேவிக்கலாம். இவை யாவும் அவன் திருவுள்ளப்படி அமைந்தவை. பக்தியின் உரிமையால் ஏவிய திருமழிசையாழ்வாரைத் தவிர, எழு என்றும் கிட என்றும் அவனுக்குச் சொன்னார் எவருமில்லை.

மனிதப் பிறவியில் அந்த ஸ்வதந்திரம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. தம்முடைய உடலை எப்போது நிறுத்துவது, எப்போது இருத்துவது என்பதைப் பிறர் தீர்மானிக்க, அதற்கு உட்பட்டு ஜீவனம் நடத்துவோர் இக்காலத்தில் மிகப் பலர். அவர்களுள் துணிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை ஆகியவற்றில் விற்பனை செய்வோரின் நிலை தனித்து எண்ணத்தக்கது. கூலி கொடுப்பவர் எதை வாங்குகிறார்? வேலையை மட்டுமா? வேலை இல்லாத நேரத்திலும் அவ்வுடல் உட்காராதிருக்க வேண்டும் என்பதையும் அந்தக் கூலியிலேயே சேர்த்து வாங்கிவிடுகிறாரா? அவ்வாறு வாங்குவது தர்மத்துக்கு ஒக்குமா? விசாரத்துக்கு உரிய விஷயம் இதுவே.

உத்ஸவத்துக்கு வரும் அன்பர்கள் ஸேவை முடிந்ததும் கடைவீதிக்குச் சென்று துணி எடுப்பது வழக்கம். கல்யாணப் பட்டு எடுக்கக் குடும்பத்தோடு வருவோரும் உண்டு. கடையில் நுழைந்தவுடன் அவர்களை மெத்தை போட்ட மேடையிலோ முக்காலியிலோ அமரச் செய்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, புடவைகளை ஒவ்வொன்றாக விரிப்பார்கள். முப்பது புடவை விரித்த பிறகு, முதலில் பார்த்ததே தேவலை என்று தோன்றும். பொட்டலம் கட்டியாயிற்று; வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். விரித்த முப்பதையும் பழைய மடிப்புக் கலையாமல் மடித்து, சாயம் வாரியாகப் பிரித்து, அலமாரியில் அடுக்குவது அந்தப் பெண்ணின் பொறுப்பு. அடுக்கி முடிப்பதற்குள் அடுத்த குடும்பம் வந்துவிட்டால் மறுபடியும் விரிக்க வேண்டும். வராவிட்டால் நின்றுகொண்டிருக்க வேண்டும். வேலை செய்துகொண்டு நிற்பதாவது ஒருவாறு தாங்கக்கூடியது. வேலையில்லாமல் நிற்கும் நேரத்தில்தான் கால்வலி முழுவதும் தெரியவருகிறது என்று அத்தொழிலில் இருப்போர் சொல்வர்.

காலை ஒன்பதரை மணிக்குத் தொடங்கும் நாள் பல கடைகளில் இரவு ஒன்பதரைக்கும் முடிவதில்லை. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்று 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டமே வரம்பு கட்டியது. அந்த வரம்பு எத்தனை கடைகளில் ஏட்டைத் தாண்டி வந்தது என்பதைக் கடைவீதியில் நடப்போர் தாமே கண்டுகொள்ளலாம். சென்னைப் பெருங்கடைகளில் வேலை செய்யும் இளம் பெண்களிலும் பிள்ளைகளிலும் பலர் தென்மாவட்டச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். கடைக்காரர் அமைத்த விடுதியில் தங்கி, மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள். அவர்களுள் ஒரு பகுதியினர் உழைப்பது தியாகராய நகரத்து ரங்கநாதன் தெருவில். பள்ளிகொண்ட பெருமானின் திருநாமத்தைத் தாங்கிய தெருவில் உட்காரவும் இடமின்றி நாள் கழிவது விந்தைதான்.

வெகுநேரம் நிற்பதால் உடலில் நேர்வது என்ன என்பதை வைத்தியர்கள் நன்கு விளக்கியுள்ளனர். காலுக்கு இறங்கிய இரத்தம் ஹிருதயத்துக்குத் திரும்ப மேல்நோக்கி ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து அதை மேலே தள்ளுகின்றன. ஓரிடத்தில் அசையாமல் நின்றால் அந்த உதவி குறைகிறது. இரத்தக் குழாய்களுக்குள் கதவுபோல் இருந்து இரத்தம் கீழே இறங்காமல் தடுக்கும் வால்வுகள் நாளடைவில் தளர்கின்றன. இரத்தம் தேங்கிக் குழாய்கள் புடைத்துச் சுருண்டுகொள்கின்றன. வெரிகோஸ் என்று இப்போது எல்லோரும் சொல்லும் நோய் இதுவே. கால் வீக்கமும் இடுப்புவலியும் இதற்குத் துணை. இருபது வயதில் கடைக்குள் நுழைந்தவர் நாற்பது வயதில் வெளியே வரும்போது, சேமித்த பணம் கொஞ்சமாக இருக்கலாம். இந்த வலி மட்டும் குறையாமல் கூடவே வரும்.

கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று பெயர்பெற்ற கடைவீதி ஒன்று உண்டு. அங்குள்ள கடைகளில் வேலை செய்த பெண்கள் பலர் பகல் முழுவதும் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்துவந்தனர். காரணம், அவர்கள் வேலை செய்த கட்டடங்களில் அவர்களுக்குக் கழிப்பறை இல்லை. தையல் தொழிலாளியான விஜி என்னும் பெண்மணியும் அவரைச் சேர்ந்தோரும் 'பெண்கூட்டு' என்ற அமைப்பின் வழியாக முதலில் கேட்டது கழிப்பறை. பின்னர் கேட்டது உட்காரும் உரிமை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் சற்றே அமர்ந்ததற்கும் கூலியில் பிடித்தம் செய்யப்பட்டதாக அப்பெண்கள் முறையிட்டனர். மலையாளத்தில் 'இரிக்கல் ஸமரம்', அதாவது உட்காரும் போராட்டம், என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. நிலத்துக்கும் நீருக்கும் ராஜ்யத்துக்கும் மனிதர்கள் போராடியதை இதிஹாஸங்களில் கேட்டிருக்கிறோம். ஒரு முக்காலிக்காகப் போராட வேண்டியிருந்தது இக்காலத்தின் விசேஷம். 2018-ஆம் ஆண்டில் கேரள அரசு கடைச் சட்டத்தைத் திருத்தி அவ்வுரிமையை அளித்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் 2021-ஆம் ஆண்டில் 22-அ என்னும் பிரிவைச் சேர்த்து, ஒவ்வொரு கடையிலும் ஊழியர் அனைவருக்கும் தக்க இருக்கை வசதி வேண்டும், வேலைக்கு இடையே அமர வாய்ப்பு நேரும்போது அவர்கள் அமரலாம் என்று விதித்தது.

நின்று வேலை செய்யும் ஆலைத் தொழிலாளர்க்கு இருக்கை தர வேண்டும் என்பதை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே கூறியிருந்தது. அதே ஊரில் அடுத்த தெருக் கடையில் நிற்பவருக்கு அவ்விதி வந்துசேர எழுபத்து மூன்று ஆண்டுகள் ஆயின. பிரிட்டனில் 1899-லேயே, மூன்று பெண் ஊழியருக்கு ஓர் ஆசனமாவது கடையில் இருக்க வேண்டும் என்று சட்டம் செய்தனர். நம்மை ஆண்டவர்கள் தம் ஊர்ப் பெண்களுக்குச் செய்துகொண்டதை இங்கே கொண்டுவர மறந்தனர் போலும்.

இனி ஆக்ஷேபங்கள். வாடிக்கையாளர் வரும்போது ஊழியர் உட்கார்ந்திருப்பது மரியாதைக் குறைவு என்பது முதலாவது. பெரியோர் வரும்போது எழுந்து நிற்பது நம் ஸம்பிரதாயம்தான், மறுப்பில்லை. ஆனால் எழுந்து நிற்பதற்கு முதலில் உட்கார்ந்திருக்க வேண்டுமன்றோ? நாள் முழுதும் நிறுத்திவைக்கப்பட்டவர் எவருக்கு எழுந்து மரியாதை காட்ட முடியும்? மேலும், ஆராதன க்ரமத்தில் ஆவாஹனத்தை அடுத்து ஸமர்ப்பிக்கப்படுவது ஆசனம். வீட்டுக்கு வந்தவரிடம் முதலில் சொல்லும் வார்த்தையும் உட்காருங்கள் என்பதே. மரியாதையின் இலக்கணம் இங்கே இருக்கை தருவதில் அமைந்திருக்கிறது.

இரண்டாவது ஆக்ஷேபம் சற்று நுட்பமானது. தொழிலைத் தெய்வமாகக் கருத வேண்டாமா? கோயிலில் அர்ச்சகரும் பரிசாரகரும் மணிக்கணக்கில் நிற்கவில்லையா? அதைக் கைங்கர்யம் என்று கொண்டாடுகிறவர்கள், கடையில் நிற்பதைக் குறையாகச் சொல்லலாமா என்பர். கைங்கர்யம் பிரீதியினால் பிறப்பது. செய்கிறவர் தாமே விரும்பிச் செய்யும்போதுதான் அதற்கு அப்பெயர் பொருந்தும். ஒருவர் தம்முடைய சிரமத்தைக் கைங்கர்யமாக ஸமர்ப்பிக்கலாம். மற்றொருவருடைய சிரமத்தை அவர் பசியைக் காட்டி வாங்கிக்கொண்டு, அதற்குக் கைங்கர்யம் என்று பெயரிட எவருக்கும் அதிகாரமில்லை. அன்றியும், அர்ச்சகருக்கு முறை உண்டு. உச்சிகாலம் முடிந்தால் நடை சாத்தப்படும். எம்பெருமானுக்கே பள்ளியறை உண்டு. கடைக்கு மத்தியான நடை சாத்தல் இல்லை.

வியாபாரம் மும்முரமாக நடக்கும் தீபாவளி, பொங்கல் காலங்களில் ஓய்வுக்கு நேரமேது என்பதும் கேட்கப்படுகிறது. மஹாபாரதத்தில் த்ரோணபர்வத்தில் ஒரு கட்டம் வருகிறது. ஸூர்யாஸ்தமனத்துக்குள் ஜயத்ரதனைக் கொல்வதாக அர்ஜுனன் சபதம் செய்திருக்கிறான். தவறினால் அக்னிப் பிரவேசம். பொழுது சாய்கிறது, சத்ரு சேனை சூழ்ந்திருக்கிறது. அந்த வேளையில், குதிரைகள் அம்பு தைத்துக் களைத்திருப்பதை அர்ஜுனன் கண்ணனிடம் எடுத்துச் சொல்கிறான். அர்ஜுனன் ரதத்தினின்று இறங்கிப் பகைவரைத் தடுத்து நிற்க, பாணங்களால் ஒரு தடாகமும் ஒரு கூடமும் உண்டாகின்றன. கண்ணன் குதிரைகளை அவிழ்த்து, தைத்த அம்புகளைப் பிடுங்கி, தேய்த்துவிட்டு, நீர் காட்டி, அவை களைப்பாறிய பின்னரே மீண்டும் பூட்டுகிறான். யுத்தகளத்தில் குதிரைக்குக் கிடைத்த அவகாசம் பண்டிகைக்கால வியாபாரத்தில் மனிதருக்குக் கிடைக்காது என்று சொல்வதற்கு மிகுந்த துணிவு வேண்டும்.

யஜமானர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமன்று. சிறு கடைக்காரர் பலர் தாமே காலை முதல் இரவு வரை நின்று எடை போட்டுக் கொடுக்கிறவர்கள். பெரிய கடைகளிலோ கல்லாவில் இருப்பவர் ஒருவரே அமர்ந்திருப்பார். அவரைக் கேட்டால், ஊழியர் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளர் விரும்புவதில்லை என்பார். வாடிக்கையாளரைக் கேட்டால், நாங்களா நிற்கச் சொன்னோம் என்பார். இவ்விருவர் நடுவே யாரும் இடாத கட்டளைக்கு ஒருத்தி கீழ்ப்படிந்து நிற்கிறாள். சட்டம் வந்தபின் சில கடைகளில் அலமாரி ஓரத்தில் முக்காலிகள் வந்துள்ளன. அவற்றில் பெரும்பாலும் துணிக்கட்டு இருக்கும். மேற்பார்வையாளரின் பார்வையும் கூரையில் பொருத்திய காமிராவும் இருக்கும்போது யார் அதில் முதலில் அமர்வது? வாய்ப்பு நேரும்போது அமரலாம் என்று சட்டம் சொல்கிறது. நேர்ந்ததா இல்லையா என்பதைச் சொல்கிறவர் மேற்பார்வையாளர். வந்தவர் ஒருவர், 'நீயும் உட்கார்ந்தபடியே எடுத்துக் காட்டு அம்மா' என்று அவர் காதில் விழும்படி சொன்னால், அந்த நேரத்துக்காவது அவரால் மறுக்க இயலாது. சட்டத்துக்கு இல்லாத பலம் பணம் கொடுக்க வந்தவரின் வாய்ச்சொல்லுக்கு உண்டு. அவ்வாறு சொல்வோர் அரியர்.

திருக்குடந்தையில் சார்ங்கபாணிப் பெருமாள் கிடந்த கோலத்திலும் சற்றே எழ முயல்பவனாகக் காட்சி தருகிறான். உத்தான சயனம் என்பர். அதன் காரணமாகப் பெரியோர் சொல்லுவது ஒரு வினா. திருமழிசையாழ்வார் ஸந்நிதிக்கு வந்து, உலகளந்தும் வனம் நடந்தும் திருவடிகள் களைத்ததனாலோ இவ்வாறு கிடப்பது என்னும் கருத்துப்பட வினவினார். தன் கால்வலியைக் கேட்க ஒருவர் வந்தார் என்றதும் எம்பெருமான் அவருக்காக எழத் தொடங்கினான். ஆழ்வார் பதறி, அப்படியே இருக்குமாறு வேண்டினார். எழுந்தும் எழாததுமான அக்கோலத்தையே இன்றும் அன்பர்கள் ஸேவிக்கின்றனர்.

அந்த ஸந்நிதியிலிருந்து வெளியே வந்தால், பட்டுப் புடவைக் கடைகளும் பாத்திரக் கடைகளும் நிறைந்த வீதிகள் தொலைவில் இல்லை. ஸேவை முடிந்து வந்த குடும்பத்தார் ஒரு கடையில் நுழைந்து மெத்தையில் அமர்கிறார்கள். எதிரே நிற்கும் பெண், என்ன விலையில் பார்க்கிறீர்கள் என்று கேட்கிறாள்.