நான்கு மணி நேரத் தொலைவு

கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். பயண நேரம் நான்கு மணி அளவே. காலை ஒன்பது மணிக்குச் செப்பாங்கில் எழும் விமானம், சென்னைக் கடிகாரப்படி பத்தரைக்கெல்லாம் தரையிறங்கிவிடும். இரு நாட்டு நேரத்திற்கும் இரண்டரை மணி வேறுபாடு உண்டன்றோ!

நம் முன்னோர் இத்தொலைவை நாளால் அளந்தனர். 1926இல் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து சுவெட்டன்ஹாம் துறைமுகம் வந்து சேர ஏறத்தாழ ஒரு வாரம் கடலிற் கழியும். (அத்துறைமுகம் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் பெற்றது 1972இல்தான்.) ஊரில் தாய் இறந்தாள் என்று தந்தி வரும். தோட்டத்து மகன் தலைமுழுகி, விளக்கேற்றி அழுவான். ஏன் வரவில்லை என்று அவனை எவரும் கேட்டிலர். அவனுக்காகக் கடல் விடை கூறிற்று.

பின்னர் வந்த ‘எம்.வி. சிதம்பரம்’ கப்பலும் 1985ஆம் ஆண்டுத் தீவிபத்தோடு ஓய்ந்தது. இன்று சாவுச் செய்தி நொடியில் வருகிறது. பிரிக்பீல்ட்ஸ் வாழ்வோர் கே.எல். சென்ட்ரலில் தொடர்வண்டி ஏறினால், 57 கிலோமீட்டர் அப்பாலுள்ள விமான நிலையத்தை அரை மணி அளவில் அடையலாம். ஆதலின், போகாதிருத்தல் இப்போது ஒருவன் எடுக்கும் முடிவாகிவிட்டது. தொலைவு சுருங்கியதால் கடமை பெருகிற்றா? அன்றி, கடலுக்குள் மறைந்திருந்த கடமைதான் வெளிப்பட்டதா?

கிழக்கு வங்காள ஏதிலியரின் பசியைக் கண்டு பீட்டர் சிங்கர் என்னும் மெய்யியலார் 1972இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். துன்புறுவோன் தொலைவில் இருக்கிறான் என்பதனால் உதவும் கடமை குறையாது என்பது அவர் வாதம். அயலார்க்கே அவ்வாறெனின் பெற்றவளுக்குச் சொல்லவும் வேண்டுமோ என்று நாம் விரைந்து முடித்துவிடலாம். நான் தயங்குகிறேன்.

கிள்ளானில் நாட்கூலிக்கு உழைப்பவனை எண்ணுங்கள். பயணச்சீட்டின் விலை, கடப்பிதழ், விசா, விடுப்பு தர மறுக்கும் முதலாளி, வீட்டில் விட்டுச் செல்லும் பிள்ளைகள் ஆகிய இவையனைத்தும் அவனுக்குத் தொலைவே. விமானம் வானத்துத் தொலைவைக் குறைத்தது. ஊதியத்தின் தொலைவை அது தொடவில்லை. இழவு வீட்டில் அமர்ந்து, “நான்கு மணி நேரந்தானே?” என்று குறை கூறுவோர், (இத்தகைய கணக்கர் நம்மிடையே பலர்!) தவறான அளவுகோலைக் கையில் வைத்திருக்கின்றனர்.

வசதியுடையார் நிலை வேறு. தீபாவளிக்குப் புடவை எடுக்கச் சென்னை சென்று, சில மணி நேரச் சாலைப் பயணத்தில் உள்ள பெற்றோரின் ஊரை எட்டிப் பாராது திரும்புவார் உளர். அவர்கள் கடலைப் போர்வையாகவே கொண்டிருந்தனர். விமானம் அப்போர்வையை விலக்கிவிட்டது. அடக்கத்திற்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று பெருமை பேசுவோரிடமும் எனக்கு ஒரு வினா உண்டு. அவள் உயிரோடு இருந்தபோதும் அந்த விமானம் பறந்துகொண்டுதானே இருந்தது?

போக வழியற்ற கிள்ளான் தொழிலாளி, வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியை எடுக்கிறான். அங்கே அப்போது மாலை ஆறரை. தாய் விளக்கேற்றிவிட்டுத் திண்ணையில் வந்து அமரும் வேளை அது.